எல்லோருக்கும் ஒரே பானை: பாலும் கோதுமையும் இல்லாத வீட்டுச் சமையல்

சென்ற ஆண்டு எங்கள் உணவியல் பிரிவுக்கு ஒரு தாய் தம் ஒன்பது வயது மகளை அழைத்து வந்தார். சிறுமிக்குச் சீலியாக் நோய் இருப்பது உறுதியாகி ஓராண்டு முடிந்திருந்தது. பாலும் ஒத்துக்கொள்ளவில்லை. சப்பாத்தி, பிரெட், பிஸ்கட், ரவை, சேமியா ஆகிய எதையும் அந்தத் தாய் மகளுக்குக் கொடுப்பதில்லை. காலையில் எழுந்ததும் முதலில் மகளுக்கெனத் தனியாகச் சமைத்துவிட்டு, பிறகே மற்றவர்களுக்கு உலை வைப்பார். இத்தனை கவனத்துக்குப் பிறகும் குழந்தையின் எடை கூடவில்லை. இரத்தத்தில் குறைந்திருக்க வேண்டிய எதிர்ப்பொருளின் அளவும் குறையவில்லை. "நான் எங்கே தவறு செய்கிறேன் என்றே தெரியவில்லை" என்று சொல்லி அவர் கண் கலங்கினார்.

அடுத்த முறை வரும்போது சமையலறையில் உள்ள பொடி டப்பாக்களையும் பாக்கெட்டுகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவருமாறு சொன்னோம். பையைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்தபோது விடை கிடைத்தது. நாள்தோறும் ரசத்திலும் சாம்பாரிலும் சேர்த்த கூட்டுப் பெருங்காயத்தின் உட்பொருள் பட்டியலில் கோதுமை மாவு இருந்தது. இடியாப்ப மாவைத் தெரு முனை மாவு மில்லில், கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில் அரைத்து வாங்கியிருந்தார்கள். தாயின் அக்கறையில் குறை ஏதும் இல்லை. எங்கே பார்க்க வேண்டும் என்பதை ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அன்று குழந்தையிடமும் ஒன்று கேட்டோம்: "உனக்கு என்னம்மா சாப்பிட ஆசை?" ஏதாவது ஓர் இனிப்பின் பெயரைச் சொல்வாள் என்று எதிர்பார்த்தோம். அவளோ, "எல்லாரும் சாப்பிடுறதைச் சாப்பிடணும்" என்றாள். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த ஒரு வாக்கியமே.

ஏன் இரண்டும் சேர்ந்து வருகின்றன?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதத்தொகுதிக்குக் குளூட்டன் என்று பெயர். சப்பாத்தி மாவுக்கு இழுவைத்தன்மை தருவது இதுவே. சீலியாக் நோய் உள்ளவர்களின் உடல் குளூட்டனைப் பகையாகக் கருதி, அதை எதிர்க்கும் முயற்சியில் தன் சிறுகுடலையே தாக்குகிறது. சிறுகுடலின் உட்சுவரில் விரல்களைப் போல நிற்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. உண்ட உணவு உடலில் சேர்வதில்லை. வயிற்றுப்போக்கு, உப்புசம், இரத்தசோகை, குழந்தைகளில் வளர்ச்சிக் குறைவு ஆகியவை இதன் விளைவுகள்.

இந்நோயில் கோதுமையின் பங்கை உலகம் அறிந்தது நெதர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கேயின் உழைப்பால். கோதுமையின்மீது அவருக்கு முன்பே ஐயம் இருந்தது. 1944–45 குளிர்காலத்தில் அந்நாட்டில் ரொட்டி கிடைக்காத கொடும் பஞ்சம் வந்தது. மற்றவர்கள் வாடிய அக்காலத்தில் இந்நோயுற்ற குழந்தைகளின் உடல்நிலை தேறியதும், ரொட்டி திரும்பியபின் நோய் மீண்டதும் அவருடைய ஐயத்தை வலுப்படுத்தின. 1950-இல் அவர் தம் ஆய்வேட்டை வெளியிட்டார். இன்றுவரை இந்நோய்க்குரிய முதன்மையான சிகிச்சை, குளூட்டன் இல்லாத உணவை வாழ்நாள் முழுவதும் உண்பதே.

பாலுக்கு வருவோம். பாலிலுள்ள சர்க்கரையாகிய லாக்டோஸைச் செரிக்கும் நொதி, மேலே சொன்ன குடலுறிஞ்சிகளின் நுனியில்தான் சுரக்கிறது. உறிஞ்சிகள் தேய்ந்தால் அந்த நொதியும் குறைகிறது. ஆகவே சீலியாக் நோய் கண்டறியப்படும் காலத்தில் பலருக்குப் பாலும் ஒத்துக்கொள்வதில்லை. குடல் ஆறியபின் இது பெரும்பாலும் சரியாகிவிடும். சீலியாக் நோய் இல்லாமலே, வளர்ந்தபின் இந்த நொதி இயல்பாகக் குறைந்தவர்களும் நம் நாட்டில் மிகப் பலர். இவர்களுக்குப் பால் உப்புசம் தந்தாலும் தயிரும் மோரும் ஓரளவு ஒத்துக்கொள்ளலாம். உறையும்போது லாக்டோஸின் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் உடைத்துவிடுவதே காரணம். பால் ஒவ்வாமை இதிலிருந்து வேறுபட்டது. அதில் உடல் எதிர்ப்பது பாலின் புரதத்தை. அவர்களுக்குத் தயிர், மோர், நெய், வெண்ணெய் ஆகிய எதுவும் ஆகாது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, ஐயத்தின் பேரில் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்கு வராதீர்கள். கோதுமையை நிறுத்தியபின் எடுக்கும் இரத்தப் பரிசோதனையும் எண்டோஸ்கோபியும் நோய் இல்லை என்று தவறாகக் காட்டக்கூடும். இரண்டாவது, பாலும் கோதுமையும் எல்லோருக்கும் தீங்கானவை அல்ல. மருத்துவர் சொல்லாதவரை அவற்றை விலக்க வேண்டியதில்லை.

பதுங்கியிருக்கும் இடங்கள்

நம் வீட்டு உணவில் இட்லி, தோசை, அடை, புட்டு, இடியாப்பம், சோறு, ரசம், கூட்டு, பொரியல் எல்லாம் இயல்பாகவே கோதுமை இல்லாதவை. எனவே நோயாளிக்கெனப் புதிய உலகம் ஒன்றைப் படைக்க வேண்டியதில்லை. உள்ளே நுழையும் சிட்டிகைகளைக் கண்டுபிடித்தால் போதும். அவை பதுங்கும் இடங்கள் இவை.

பெருங்காயம்: தூளாகவும் கட்டியாகவும் விற்கப்படும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். அரிசி மாவும் பிசினும் மட்டும் சேர்ந்த வகைகளும் உண்டு. பட்டியலைப் படித்து வாங்குங்கள். கிடைக்காவிட்டால் இரண்டு பல் பூண்டைத் தட்டிப் போட்டுத் தாளியுங்கள்.

மாவு மில்: மிளகாய்த்தூள், அரிசி மாவு, கேழ்வரகு மாவு எதுவாயினும் கோதுமைக்குப் பின் அரைத்தால் அதில் கோதுமை கலக்கும். சிறிதளவு மாவை வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்வதே பாதுகாப்பு. இதற்கெனத் தனிச் சல்லடை வேண்டும். சல்லடைக் கண்களில் ஒட்டிய மாவு கழுவினாலும் எளிதில் போவதில்லை.

ஊட்டச்சத்து பானங்கள்: 'மால்ட்' என்று குறிப்பிட்டிருந்தால் அது பெரும்பாலும் முளைகட்டிய பார்லி. சில பானங்களில் கோதுமையும் பால் பொடியும் சேர்ந்தே இருக்கும்.

சோயா சாஸ்: மரபு முறையில் இது சோயாவையும் கோதுமையையும் சேர்த்துப் புளிக்கவைத்துச் செய்யப்படுகிறது. கடைச் சாப்பாட்டில் வரும் ஃபிரைடு ரைஸில் அரிசி மட்டும் இருப்பதாக நினைக்க வேண்டாம்.

ஓட்ஸ்: பல இடங்களில் கோதுமையோடு சேர்த்தே பதப்படுத்தப்படுகிறது. குளூட்டன் அற்றது என்று முத்திரையிட்டதாயினும் மருத்துவரைக் கேட்டபிறகே தொடங்குங்கள்.

பாலின் மறைவிடங்கள்: மோர் மிளகாய், மோர் சேர்த்த வடாம், பால் பொடி கலந்த பிஸ்கட், நெய் தடவிய உணவகத் தோசை. பாக்கெட்டில் 'கேசின்', 'வே' என்ற சொற்கள் இருந்தாலும் அது பாலே. சில மாத்திரைகளிலும் லாக்டோஸ் சேர்க்கப்படுகிறது. அதன் அளவு மிகக் குறைவாகையால் பெரும்பாலோருக்குத் தொல்லை தருவதில்லை. ஆயினும் மருத்துவரிடம் கேளாமல் எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

பாக்கெட் உணவுகளில் குளூட்டன் உள்ள தானியமோ பாலோ சேர்ந்திருந்தால் அதைத் தனியே குறிப்பிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. குளூட்டன் அற்றது என்று அச்சிட, ஒரு கிலோ உணவில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. வாங்கும் ஒவ்வொரு முறையும் படியுங்கள். உட்பொருள்கள் மாறக்கூடும்.

வீடே சேர்ந்து உண்ண நான்கு உணவுகள்

மனம் சோர்ந்த நாளிலும் உடம்பு முடியாத நாளிலும் நாம் தேடுவது நமக்குப் பழகிய உணவைத்தான். அவற்றில் நான்கை மட்டும் இங்கே தருகிறோம். நான்கு பேருக்கான அளவு.

சாமை வெண்பொங்கல்: பச்சரிசி அரை கப், சாமை அரை கப், பாசிப்பருப்பு அரை கப். பருப்பை இலேசாக வறுத்து, மூன்றையும் கழுவி, ஐந்து கப் தண்ணீரும் உப்பும் சேர்த்துக் குக்கரில் ஐந்து விசில் வரை வேகவையுங்கள். நெய்க்கு மாற்றாக இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெயைக் காயவைத்து மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை, பத்து முந்திரி தாளித்துச் சூடாகக் கொட்டிக் கிளறுங்கள். நல்லெண்ணெயின் மணம் மிளகோடு நன்கு சேரும். பருப்பு கூடுதலாக இருப்பதால் புரதமும், சாமையால் நார்ச்சத்தும் கூடுகின்றன.

அரிசி உப்புமா: ரவை உப்புமாவுக்கு ஏங்குவோருக்கு நம் பாட்டிமார் தந்த விடை இது. ஒரு கப் பச்சரிசி, இரண்டு மேசைக்கரண்டி துவரம்பருப்பு, அரைத் தேக்கரண்டி மிளகு, அரைத் தேக்கரண்டி சீரகம் ஆகியவற்றை மிக்ஸியில் ரவைபோல உடைத்துக்கொள்ளுங்கள். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, வற்றல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, இரண்டரை கப் தண்ணீர் ஊற்றி உப்பிடுங்கள். நன்கு கொதிக்கும்போது உடைத்த ரவையையும் கால் கப் தேங்காய்த் துருவலையும் தூவிக் கிளறி, மூடி, சிறுதீயில் 15 நிமிடம் வையுங்கள். பீன்ஸ், கேரட் சேர்த்தால் இன்னும் நல்லது.

தயிரில்லாத் தயிர்சாதம்: எங்களிடம் மிகுதியாகக் கேட்கப்படும் உணவு இதுதான். உள்ளபடியே சொல்கிறோம், தயிரின் சுவை அப்படியே வராது. ஆனால் அந்தக் குளிர்ச்சியும் குழைவும் புளிப்பும் வரும். ஒரு கப் பச்சரிசியை நான்கு கப் தண்ணீரில் குழைய வேகவைத்து மசித்து, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். 30 முந்திரியை வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, ஒரு கப் தண்ணீர் விட்டு வெண்ணெய்போல அரைத்துச் சோற்றில் கலக்குங்கள். ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, உப்பு சேருங்கள். கடுகு, உளுத்தம்பருப்பு, பச்சைமிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை தாளித்து, துருவிய கேரட்டும் மாதுளை முத்துகளும் தூவுங்கள். முந்திரி ஒவ்வாதவர்கள் ஒரு கப் தேங்காய்ப் பால் சேர்க்கலாம். எலுமிச்சைச் சாற்றை உண்ணும் நேரத்தில் கலப்பது நல்லது.

பாசிப்பருப்புப் பாயசம்: சேமியாவும் பாலும் இல்லாமலே நம் முன்னோர் பாயசம் செய்தார்கள். அரை கப் பாசிப்பருப்பை வறுத்துக் குழைய வேகவைத்து, அரை கப் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி ஊற்றி, ஒன்றரை கப் இரண்டாம் தேங்காய்ப் பால் விட்டுக் கொதிக்கவிடுங்கள். அடுப்பை அணைத்தபின் அரை கப் முதல் பாலும் ஏலத்தூளும் சேருங்கள். முதல் பால் சேர்த்தபின் கொதித்தால் திரிந்துவிடும்.

இழந்ததை ஈடுசெய்வது

பாலையும் கோதுமையையும் நிறுத்துவதால் மட்டும் உணவு நலமானதாகிவிடாது. குளூட்டன் அற்றவை என்று கடையில் விற்கப்படும் பிஸ்கட்டுகளும் கேக்குகளும் பல நேரங்களில் வெறும் மாவுச்சத்தும் சர்க்கரையும் கொழுப்புமே. மூன்று வேளையும் வெள்ளை அரிசியே உண்டால் நார்ச்சத்து குறையும். சாமை, தினை, வரகு, கேழ்வரகு, கம்பு, சோளம் ஆகியவற்றில் குளூட்டன் இல்லை. வாரத்தில் சில வேளைகளை அவற்றுக்குக் கொடுங்கள். முழுத் தானியமாக வாங்கிப் பொறுக்கிக் கழுவி அரைப்பது நல்லது.

வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1000 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து தேவை. பாலை நிறுத்துவோர் இதற்கு வழி தேட வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் உண்டு. முளைகட்டி அரைத்தால் உடலில் சேர்வது எளிதாகும். ஒரு மேசைக்கரண்டி தோல் நீக்காத எள்ளில் சுமார் 90 மில்லிகிராம் உண்டு. எள்ளுப்பொடியை இட்லிக்குத் தொட்டுக்கொள்ளலாம். முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, முள்ளோடு உண்ணும் நெத்திலி ஆகியவையும் உதவும். சைவ உணவு உண்போர் பாலையும் நிறுத்தினால் வைட்டமின் பி12 குறைந்துபோகும். இதைக் கீரையாலோ தானியத்தாலோ ஈடுசெய்ய இயலாது. மருத்துவரிடம் மாத்திரை குறித்துக் கேளுங்கள்.

வேறு நோய்களும் உள்ளவர்களுக்குச் சில சொற்கள். வெல்லமும் சர்க்கரையே. நீரிழிவு உள்ளவர்கள் பாயசத்தை இரண்டு மேசைக்கரண்டியோடு நிறுத்துங்கள். தேங்காய்ப் பாலில் நிறைகொழுப்பு மிகுதியாகையால் இதய நோயாளிகள் அதை விழா நாள்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரக நோயாளிகள் கேழ்வரகு, கீரை, பருப்பு, முந்திரி, தேங்காய்ப் பால் ஆகியவற்றின் அளவை எங்களிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள். பழைய சோற்றின் நீராகாரம் மோரில்லாமலே இதமான புளிப்பைத் தரும். ஆனால் புற்றுநோய்ச் சிகிச்சையில் உள்ளவர்களும் உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களும் அதைத் தவிர்க்க வேண்டும்.

விழாவும் வெளியிடமும்

உறவினர் வீட்டு விசேஷத்தில் "ஒரு வாய்தானே, ஒன்றும் செய்யாது" என்று பாசத்தோடு ஊட்டுவார்கள். சீலியாக் நோயில் அந்த ஒரு வாயும் குடலைப் புண்ணாக்கும். வலி உடனே தெரியாமலும் இருக்கலாம். "மருத்துவர் சொல்லியிருக்கிறார்" என்று எங்கள்மேல் பழியைப் போட்டுவிடுங்கள். அதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. கோயிலில் கேசரி கொடுத்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்கலாம். தேவாலயத்தில் வழங்கும் அப்பம் கோதுமையால் ஆனது. அருட்தந்தையிடமோ போதகரிடமோ முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். நோன்புக் கஞ்சி அரிசியும் பருப்பும் தேங்காய்ப் பாலும் சேர்ந்தது. வேறென்ன சேர்த்தார்கள் என்று கேட்டு அறிந்தால், சிலருக்கு அது நல்ல உணவு. உணவகத்தில் தோசை மாவில் ரவையோ மைதாவோ சேர்க்கிறார்களா என்றும், பூரி பொரித்த எண்ணெயில் வடை போடுகிறார்களா என்றும் கேட்கத் தயங்காதீர்கள்.

ஒரே பானை

கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன அந்தக் குடும்பத்தோடு நாங்கள் இரண்டு முறை அமர்ந்து பேசினோம். குழந்தைக்கெனத் தனிச்சமையல் வேண்டாம் என்று சொன்னோம். மாறாக, வீட்டின் பொதுச்சமையலே அவளுக்கு ஏற்றதாக இருக்கட்டும் என்றோம். பெருங்காயம் மாறியது. மாவு வீட்டிலேயே அரைபட்டது. தந்தையின் இரவுச் சப்பாத்திக்குத் தனி மேடை, தனித் தோசைக்கல், தனிக் கரண்டி ஒதுக்கப்பட்டன. ஞாயிறு காலைப் பூரிக்குப் பதில் குழிப்பணியாரம் வந்தது. தாய்க்கு இருவேளை உலை வைக்கும் சுமை குறைந்தது. ஆறு மாதங்களுக்குப்பின் எடுத்த பரிசோதனையில் எதிர்ப்பொருள் இறங்கத் தொடங்கியிருந்தது. எடையும் சற்றே ஏறியிருந்தது. இப்போது சிறிதளவு தயிரைக் கொடுத்துப் பார்க்கும் கட்டத்துக்கு வந்திருக்கிறோம். முழுமையாகக் குணமாக இன்னும் காலம் ஆகும். அதை அந்தத் தாயிடமும் மறைக்கவில்லை.

அன்று புறப்படும்போது சிறுமியிடம், "இப்போது வீட்டில் என்ன சாப்பிடுகிறாய்?" என்று கேட்டோம். தம்பியைச் சுட்டிக்காட்டி, "இவனும் நான் சாப்பிடுறதைத்தான் சாப்பிடுறான்" என்றாள்.

உங்கள் வீட்டிலும் இத்தகைய ஐயங்கள் இருக்கலாம். அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது, மருந்துச் சீட்டோடு பொடி டப்பாக்களையும் ஒரு பையில் எடுத்து வாருங்கள். சேர்ந்து படித்துப் பார்ப்போம்.